பிரம்பு போயிற்று, சொல்?

‘நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு!’ தமிழ்நாட்டு வகுப்பறைகளில் பல தலைமுறைகளாகப் புழங்கிவரும் வசை இது. இதைத் தானோ, பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பனோ வாங்கிக்கொள்ளாமல் பள்ளிப் பருவத்தைக் கடந்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. சொன்ன ஆசிரியர் அடுத்த நிமிடமே அதை மறந்திருப்பார். ஆனால், எங்கள் சிவகங்கை மாவட்டம் போன்ற வானம் பார்த்த பூமியில், அந்த வகுப்பில் இருக்கும் சில குழந்தைகளின் தாயோ தாத்தாவோ அன்று காலையில்தான் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போயிருப்பார்கள். மழை பொய்க்கும் ஆண்டுகளில் அந்தக் கால்நடைகள்தாம் குடும்பத்தின் சேமிப்பு. அவற்றுள் ஒன்றை விற்றுத்தான் பிள்ளையின் படிப்புச் செலவுகூட நடக்கும். அந்த ஒற்றை வாக்கியம் குழந்தையின் அறிவையும் பெற்றோரின் உழைப்பையும் ஒருசேர இழிவுபடுத்திவிடுகிறது.

பிள்ளைகளை அடிப்பது தவறு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டு வெகுகாலமாகிவிட்டது. தமிழ்நாடு கல்வி விதிகளில் உடல்ரீதியான தண்டனைக்கு இடமளித்திருந்த 51-ஆவது விதி 2003-இல் திருத்தப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதன் 17-ஆவது பிரிவு உடல்ரீதியான தண்டனையை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அந்த இரண்டாவது சொற்றொடரைத்தான் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம்.

மனரீதியான துன்புறுத்தல் என்பது எது? தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இதை விளக்குகின்றன. புண்படுத்தும் கேலி, பட்டப்பெயர் வைத்து அழைத்தல், இழிவான அடைமொழிகளால் ஏசுதல், மிரட்டுதல், குழந்தையின் சாதியையோ குடும்பப் பின்னணியையோ பெற்றோரின் தொழிலையோ சுட்டிப் பரிகசித்தல், எதிர்பார்த்த அளவுக்குப் படிக்கவில்லை என்பதற்காக வகுப்பின் நடுவே சிறுமைப்படுத்துதல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இந்த நெறிமுறைகளைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் முறையாகச் செயல்படுத்துமாறு 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அறிவுறுத்தியது. ஆக, மேலே சொன்ன வசை வெறும் நாகரிகக் குறைவன்று, சட்டப்படியும் தவறு.

இந்த இடத்தில் ஆசிரியர்கள் எழுப்பும் கேள்வி நியாயமானது. ‘அடிக்கக் கூடாது என்றீர்கள், திட்டவும் கூடாது என்கிறீர்கள், பிறகு வகுப்பை எப்படி நடத்துவது?’ ஓய்வுக்குப் பிறகு காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பல தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுடன் பேசியிருக்கிறேன். எல்லோரும் இதையே கேட்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அதாவது, ஐந்து வகுப்புகளை இருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பதிவேட்டு வேலையிலோ பயிற்சியிலோ இருந்தால் மற்றவர் பாடு சொல்லி மாளாது. மறுபுறம், ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் சார்’ என்று ஒப்படைத்துவிட்டுப் போகும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். முருங்கையை ஒடித்து வளர்க்கவும் பிள்ளையை அடித்து வளர்க்கவும் சொல்லும் பழமொழி நம் வீடுகளில் இன்னும் செல்லுபடியாகிறது. இத்தகைய சூழலில், உபதேசம் செய்வதால் மட்டும் ஆசிரியருக்கு உதவ முடியாது.

பிரம்பை எடுத்துவிட்டால் அந்த இடத்தை வேறேதோ நிரப்பும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. அதில் சென்னைக்கும் பங்குண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் காப்பகப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவர்களைக் கொண்டே இளைய மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையை உருவாக்கினார். நம் திண்ணைப் பள்ளிகளில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியதைக் கண்டு அதையும் தன் பள்ளியில் புகுத்தினார். அவர் 1797-இல் லண்டனில் வெளியிட்ட நூலின் வழியே இது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ அதே காலத்தில் லண்டனில் ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான ஏழைக் குழந்தைகளுக்கு இதையொத்த முறையில் பள்ளி நடத்தியவர் ஜோசப் லங்காஸ்டர். அவர் பிரம்படியை விரும்பாதவர். ஆனால், அடிப்பதற்குப் பதிலாக அவர் கையாண்டவை, கழுத்தில் மரக்கட்டையைப் பூட்டுதல், கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுதல் முதலிய தண்டனைகள். பிரம்பு வெளியேறிய வாசல் வழியே அவமானம் உள்ளே வந்துவிட்டது.

நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளையும் இந்த ஏற்பாட்டின் உறவினர்தாம். இன்றும் ஆசிரியர் வெளியே சென்றதும், பேசியவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி வைக்கும் வகுப்புத் தலைவரைப் பல பள்ளிகளில் பார்க்கலாம். அந்தப் பட்டியல் வகுப்பை அமைதியாக வைத்திருப்பதுபோல் தோன்றும். உண்மையில், ஏழு வயதுக் குழந்தை ஒன்றைக் காட்டிக்கொடுப்பவனாகவும், மற்றவர்களை அஞ்சுபவர்களாகவும் அது பழக்குகிறது.

அவமானம் குழந்தையின் கற்றலைப் பாதிக்கிறது என்பதற்கு என் துறையிலேயே முக்கியமானதோர் ஆய்வு உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் நடத்திய சோதனையின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. சிறுவர்களுக்கு வழிகண்டுபிடிப்புப் புதிர்கள் கொடுக்கப்பட்டன. விடுவித்த புதிர்களுக்கேற்பப் பணம் உண்டு. சாதி அறிவிக்கப்படாத குழுக்களில், ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் மற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் புதிர்களை விடுவித்தனர். தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரின் பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்த குழுக்களிலோ, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் திறன் குறிப்பிடத்தக்க அளவு சரிந்தது. அதே வயதுப் பிள்ளைகள், அதே புதிர், அதே பரிசு. வேறுபட்டது, தொடக்கத்தில் உரக்கச் சொல்லப்பட்ட ஒரு சொல் மட்டுமே.

‘மக்கு’, ‘மண்டு’, ‘உன் அண்ணனும் இப்படித்தான் இருந்தான்’, ‘உங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது’ என்று வகுப்பில் உரக்கச் சொல்லப்படுபவையும் அத்தகைய அறிவிப்புகள்தாம். அவற்றைக் கேட்ட குழந்தை, தன்னிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்கிறது. அதற்கேற்ப நடக்கவும் தொடங்குகிறது. கல்லூரியில் 30 ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்த எனக்கு, முதலாமாண்டு வகுப்புகளில் அதன் விளைவு கண்கூடாகத் தெரிந்தது. ‘புரிந்ததா?’ என்றால் ‘புரிந்தது’ என்று ஒரே குரலில் பதில் வரும். ‘என்ன புரிந்தது?’ என்றால் தலைகள் குனியும். 18 வயதில் காணும் அந்த மௌனத்தின் விதை 6 வயதில் ஊன்றப்பட்டது. கேள்வி கேட்டால் கேலிக்கு ஆளாவோம் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, பிறகு எந்த அலுவலகத்திலும் எந்தக் கிராம சபையிலும் எளிதில் வாய் திறப்பதில்லை.

சரி, வகுப்பை எப்படி நடத்துவது? முதலில், கூச்சல் ஏன் பயன் தருவதில்லை என்பதைப் பார்ப்போம். புழக்கத்தில் பணம் அளவின்றிப் பெருகினால் அதன் மதிப்புக் குறையும் என்பது பொருளியலின் பாலபாடம். ஆசிரியரின் உரத்த குரலும் அப்படித்தான். திங்கட்கிழமை ஒருமுறை அதட்டினால் வகுப்பு அடங்கும். வெள்ளிக்கிழமைக்குள் அதே விளைவுக்கு ஐந்து முறை கத்த வேண்டியிருக்கும். ஆண்டு முடிவதற்குள் ஆசிரியரின் தொண்டை கட்டும். பிள்ளைகளின் காது மரத்துப்போகும். எப்போதாவது ஒருமுறை மட்டும் உயரும் குரலுக்கே மதிப்பு உண்டு. சுவரில் ஏறும் குழந்தையைத் தடுக்க வேண்டிய நேரத்துக்காக அதைச் சேமித்து வைத்திருப்பதே நல்லது.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜேக்கப் கௌனின் வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்து 1970-இல் ஒரு நூல் எழுதினார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதைப் பொறுத்து வகுப்பின் ஒழுங்கு அமையவில்லை என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. குறும்பு முளைக்கும் முன்பே கவனித்தல், ஒரு பாடத்திலிருந்து மற்றொன்றுக்குத் தடங்கலின்றி நகர்தல், பிள்ளைகளை வேலையின்றிக் காத்திருக்க விடாமை ஆகியவைதாம் நல்ல வகுப்பை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தின. ஆகவே, சிறந்த கண்டிப்பு என்பது பெரும்பாலும் தேவைப்படாமலே போகும் கண்டிப்பு.

ஆனாலும், சொல்ல வேண்டிய நேரம் வரத்தான் செய்யும். அப்போது குழந்தையைப் பற்றிப் பேசாமல் செயலைப் பற்றிப் பேச வேண்டும். ‘நீ ஒரு சோம்பேறி’ என்பது தீர்ப்பு. அதற்கு மேல் அந்தக் குழந்தை செய்வதற்கு ஒன்றுமில்லை. ‘மூன்று கணக்கு பாக்கி இருக்கிறது, மணி அடிப்பதற்குள் முடித்துவிடலாம்’ என்பது வழி. முதலாவது குழந்தையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது வேலை முடிந்ததும் மறைந்துவிடுகிறது.

இதற்கு நம் மொழியே சில வசதிகளைச் செய்து வைத்திருக்கிறது. ‘ஓடாதே’, ‘பேசாதே’ என்னும் எதிர்மறை ஏவல்களில் வினை முன்னே வருகிறது, மறுப்பு பின்னே ஒட்டுகிறது. குழந்தையின் காதில் முதலில் விழுவது ஓட்டமும் பேச்சும்தான். மேலும், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும் அந்தச் சொல், எதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதே இல்லை. ‘மெதுவாக நடந்து வா’, ‘இப்போது கவின் சொல்வதைக் கேட்போம்’ என்றால் ஐயத்துக்கு இடமில்லை. தமிழில் ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. கேட்பவரையும் உளப்படுத்தும் ‘நாம்’ எல்லா மொழிகளிலும் தனியே கிடைப்பதில்லை. ‘எல்லோரும் புத்தகத்தை மூடுங்கள்’ என்பதற்கும் ‘நாம் இப்போது புத்தகத்தை மூடிவிட்டுக் கதைக்குப் போவோமா?’ என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை ஆறு வயதுக் குழந்தை நன்றாகவே அறியும்.

விளிப்பதும் முக்கியம். ‘ஏய்’, ‘டேய்’, ‘கடைசி பெஞ்சு’ என்பவை விளிகளே அல்ல. எங்கள் செட்டிநாட்டுப் பகுதியில் சின்னஞ்சிறு பெண்ணை ‘ஆத்தா’ என்றும் சிறுவனை ‘ஐயா’ என்றும் பெரியவர்கள் அழைப்பது இயல்பு. பாட்டன் பாட்டி பெயரைச் சுமக்கும் பேரப்பிள்ளையை மரியாதைக் குறைவாக அழைக்க நாவு வராது. வீட்டில் ‘வாங்கய்யா’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பள்ளியில் ‘வாடா இங்கே’ என்று அதட்டப்படும்போது, மரியாதை என்பது வீட்டு வாசலோடு முடிந்துவிடுவது என்று கற்றுக்கொள்கிறது. பெயர் சொல்லி, தணிந்த குரலில், முடிந்தால் அருகில் சென்று அழைத்தாலே பாதிக் காரியம் முடிந்துவிடும். கண்டிப்பதாக இருந்தால் மற்றவர் காதில் விழாமல் கண்டிப்பது இன்னும் நல்லது. பார்வையாளர்கள் இல்லாத இடத்தில் வீறாப்புக்கு அவசியம் இருப்பதில்லை.

தணிந்த குரலின் ஆற்றலை முறையான பயிற்சியாகவே ஆக்கியவர் மரியா மாண்டிசோரி. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, இரண்டாம் உலகப் போர் காரணமாக ஆண்டுக்கணக்கில் இந்தியாவிலேயே தங்கி, ஏராளமான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் அவர். அந்தச் சிந்தனையின் தாக்கத்தில், காரைக்குடியில் அழகப்பர் உருவாக்கிய கல்விக் குழுமத்திலும் மாண்டிசோரி பள்ளி இடம்பெற்றது. அவருடைய ‘மௌன விளையாட்டில்’ குழந்தைகள் அசையாமல் அமைதியாக இருப்பார்கள். ஆசிரியர் அறையின் கோடியிலிருந்து ஒவ்வொருவரின் பெயரையும் கிசுகிசுப்பார். பெயரைக் கேட்ட குழந்தை ஓசையின்றி எழுந்து வரும். ‘வாயை மூடு’ என்று சொல்லி வாங்கும் அமைதிக்கும், தன் பெயர் எப்போது வரும் என்று காத்திருக்கும் அமைதிக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

ஆனால், இதை மந்திரம்போல் எடுத்துக்கொள்ளக் கூடாது. குஜராத்தின் கல்வியாளர் கிஜுபாய் பதேகா எழுதிய, தமிழிலும் ‘பகற்கனவு’ என்ற பெயரில் கிடைக்கும் நூலில் வரும் ஆசிரியர், முதல் நாளே மௌன விளையாட்டை நடத்த முயல்கிறார். பிள்ளைகள் சிரித்துக் கூச்சலிட்டு அதைக் குலைத்துவிடுகிறார்கள். மறுநாள் அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு தானாக அடங்குகிறது. அமைதிக்கு முன் நம்பிக்கை தேவை. நம்பிக்கைக்குக் கதையைப்போல் உதவுவது வேறில்லை. ஆத்திசூடி சொல்லும் வயதுக் குழந்தையிடம் அறிவுரையைவிட நரியும் காகமும் செல்வாக்குள்ளவை.

பேசுவதைப் போலவே பேசாமல் இருப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய கலை. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் எடுத்துக்காட்டினார். அதை 3 நொடிகளாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன; வழக்கமாகப் பேசாத குழந்தைகளும் பேசினர். எந்தச் செலவும் இல்லாத சீர்திருத்தம் இது. பாராட்டும்கூட அளவறிந்து வர வேண்டும். ‘நீ கெட்டிக்காரி’ என்று பாராட்டப்பட்ட குழந்தைகளைவிட, ‘நன்றாக முயன்றாய்’ என்று பாராட்டப்பட்டவர்கள் தோல்விக்குப் பிறகும் கடினமான வேலையை விரும்பி ஏற்றதை கிளாடியா முல்லர், கரோல் டுவெக் ஆகியோரின் 1998-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

தண்டனை என்ற பெயரில் நாம் கொடுக்கும் மாற்றுகளையும் யோசிக்க வேண்டும். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையைத் தாமதமாக அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு அபராதம் விதித்தபோது தாமதம் குறையவில்லை, கூடியது. காசு கொடுத்துவிட்டால் தாமதிக்கலாம் என்று ஆகிவிட்டது. அபராதம் விலையாக மாறிவிட்டது. வகுப்பிலும் ‘100 முறை எழுது’ என்பது குறும்புக்கு விலையாகிவிடுகிறது. அதைவிடக் கேடு, எழுதுவது என்பதே தண்டனை என்று குழந்தையின் மனத்தில் பதிந்துவிடுவது.

குரலை மாற்ற வேண்டுமானால், சில நேரங்களில் இருக்கையை மாற்றினாலே போதும். 2003-ஐ ஒட்டிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில், பிள்ளைகள் சிறு வட்டங்களாகத் தரையில் அமர்ந்தனர். ஆசிரியரும் அவர்களோடு பாயில் அமர்ந்தார். கரும்பலகை குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. கற்றல் விளைவுகளைப் பற்றிய விவாதம் எப்படியிருந்தாலும், எதிரே அரை அடி தூரத்தில் இருக்கும் குழந்தையிடம் யாரும் கத்த மாட்டார்கள் என்பதை அந்த ஏற்பாடு உணர்த்தியது. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பாட்டும் ஆட்டமும் அந்த நெருக்கத்தைத் தொடர வாய்ப்பளிக்கின்றன. அதே ஆண்டு மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கும் இதில் பங்குண்டு. பசித்த பிள்ளைகள் நிறைந்த வகுப்பை எந்த இனிய சொல்லாலும் அமைதிப்படுத்த முடியாது.

இவையெல்லாம் மேலைநாட்டு இறக்குமதி என்று கருதுவோர் நன்னூலைப் புரட்டிப் பார்க்கலாம். பாடம் சொல்பவர் பதற்றமும் சினமும் இன்றி, மலர்ந்த முகத்தோடு, மாணவர் எப்படிச் சொன்னால் ஏற்பார் என்பதை அறிந்து சொல்ல வேண்டும் என்று பவணந்தியார் இலக்கணமே வகுத்திருக்கிறார். ஆசிரியராகத் தகாதவருக்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று மடற்பனை. கருக்கு மட்டைகள் சூழ்ந்திருப்பதால் யாரும் நெருங்க முடியாத மரம். தானாகப் பழம் விழுந்தால்தான் உண்டு. பிள்ளைகள் அணுக அஞ்சும் ஆசிரியரை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பாடத்திட்டம் தயாரிக்கவும் கற்பித்தல் கருவிகள் செய்யவும் பயிற்சி தரப்படும் அளவுக்கு, குரலைக் கையாளவும் சினத்தைக் கடக்கவும் பயிற்சி தரப்படுவதில்லை. கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் மாணவ ஆசிரியர் தன் வகுப்பை ஒலிப்பதிவு செய்து தானே கேட்டுப் பார்ப்பதைக் கட்டாயமாக்கலாம். ஆய்வுக்கு வரும் அலுவலர் பதிவேடுகளைப் பார்ப்பதோடு, வகுப்பின் ஓரத்தில் அரை மணி நேரம் அமர்ந்து கேட்கவும் வேண்டும். அவர் ஆசிரியரிடம் பேசும் தொனியும் முக்கியம். பிள்ளைகள் முன்னிலையில் ஏசப்படும் ஆசிரியர், அந்தச் சூட்டை யாரிடம் இறக்கி வைப்பார்? ஈராசிரியர் பள்ளிகளின் பணிச்சுமையைக் குறைக்காமல் ஆசிரியர்களிடம் பொறுமையை மட்டும் கேட்பது முறையாகாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் கட்டடமும் கழிப்பறையும் பேசப்படுவதுபோல், பிள்ளைகளிடம் வீட்டிலும் பள்ளியிலும் எப்படிப் பேசுகிறோம் என்பதும் பேசப்பட வேண்டும்.

திருவள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் குழந்தைகள், அந்த அதிகாரம் தங்கள் வகுப்பறையிலும் நடைமுறையில் இருக்கிறதா என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.